பைடெஸ்ட் சட்டகத்தின் டாக்ஸ்ட்ரிங்குகளைச் சீர்செய்ய ரஃப்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டின் மேல் ஒரு குழு தனக்கென்று கட்டிக்கொள்ளும் சோதனைச் சட்டகம் சில வருடங்கள் ஓடினால், அதன் டாக்ஸ்ட்ரிங்குகள் (ஃபங்ஷன், வகுப்பு, கோப்பு இவற்றின் தொடக்கத்தில் மேற்கோளுக்குள் எழுதும் விளக்கங்கள்) ஆளுக்கொரு பாணியில் வந்து நிற்கும். ஒருவர் கூகுள் பாணியில் அளவுருக்களை விளக்கும் ஆர்க்ஸ் பகுதி எழுதியிருப்பார், இன்னொருவர் ஸ்பிங்க்ஸ் பாணியில் முக்காற்புள்ளிகளுக்கு நடுவே பாராம் எழுதியிருப்பார், மூன்றாமவர் ஒன்றுமே எழுதியிருக்க மாட்டார். சோதனைகளுக்குப் பொதுவானவற்றை வைக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பில் இருக்கும் ஃபிக்ஸ்ச்சர் (சோதனைக்குத் தேவையானதைத் தயாரித்துத் தரும் ஃபங்ஷன்) விளக்கங்களில் பாதி, அந்த ஃபிக்ஸ்ச்சர் முதன்முதலில் எழுதப்பட்ட காலத்து நிலையைச் சொல்லிக்கொண்டிருக்கும். இதை ஒழுங்குபடுத்த இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் கருவி ரஃப், பைத்தான் குறியீட்டை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் லின்ட்டர். அதன் டாக்ஸ்ட்ரிங் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சோதனைச் சட்டகம் என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வடிவத்தைச் சீராக்க ரஃப்பை விட்டால் வேறு கருவி தேட வேண்டியதில்லை. ஆனால் எழுதியிருப்பது உண்மைதானா என்பதை அது ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. பைடெஸ்ட் சட்டகத்தில் இந்த இடைவெளி வழக்கத்தைவிடப் பெரிது, ஏனென்றால் அங்கே டாக்ஸ்ட்ரிங் என்பது குறியீட்டைத் திறந்து படிப்பவருக்கு மட்டுமான குறிப்பு அல்ல, டெர்மினலில் பயனர் காணும் திரையும் அதுதான்.

சார்லி மார்ஷ் ரஸ்ட் மொழியில் எழுதி 2022-இல் வெளியிட்டது ரஃப், பின்னர் அவர் தொடங்கிய ஆஸ்ட்ரல் நிறுவனம் அதை வளர்த்தது. எம்ஐடி உரிமம், காசு கிடையாது, பிப் வழியாக ஒரே வரியில் நிறுவலாம். டி என்ற எழுத்தில் தொடங்கும் அதன் விதிகள் ஏறக்குறைய அனைத்தும் பைடாக்ஸ்டைல் என்ற பழைய கருவியிலிருந்து வந்தவை. டாக்ஸ்ட்ரிங் எழுதும் மரபைச் சொல்லும், 2001-இல் எழுதப்பட்ட பெப் 257 ஆவணம்தான் இரண்டுக்கும் மூலம். பைடாக்ஸ்டைல் 2023-இல் பராமரிப்பை நிறுத்திக்கொண்டு, ரஃப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று தன் பயனர்களிடம் சொல்லிவிட்டது. ஆகவே பழைய கருவியோடு ஒப்பிட்டு நேரம் செலவழிப்பதில் பயனில்லை. பெரிய ரிப்போவிலும் சேமித்த கையோடு ஓடி முடிந்துவிடும் வேகம். அதைத் தனியாகப் பாராட்ட வேண்டியதுகூட இல்லை.

நிறுவியவுடன் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரஃப்பின் இயல்பான விதித்தொகுப்பில் டி குடும்பம் இல்லை. வெறுமனே செக் கட்டளையை ஓட்டினால் டாக்ஸ்ட்ரிங் பற்றி ஒரு வார்த்தையும் வராது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். திட்டத்தின் அமைப்புகள் இருக்கும் பைப்ராஜெக்ட் கோப்பில், லின்ட் பகுதியின் செலக்ட் பட்டியலில் டி என்ற எழுத்தை நாமே சேர்க்க வேண்டும். பழைய வலைக்குறிப்புகளைப் பார்த்து ரஃப் பகுதியின் கீழேயே நேரடியாக எழுதினால் எச்சரிக்கை வரும். 2024-இன் தொடக்கத்தில் வந்த 0.2 பதிப்பிலிருந்து லின்ட் என்ற உட்பகுதிதான் முறை.

அடுத்து பாணி. கூகுள், நம்பை, பெப் 257 என்ற மூன்றில் ஒன்றை கன்வென்ஷன் அமைப்பில் கொடுக்கலாம். கொடுக்காமல் டி முழுவதையும் இயக்கினால் ஒன்றுக்கொன்று முரணான விதிகள் சேர்ந்து வந்து நிற்கும். வகுப்பின் டாக்ஸ்ட்ரிங்குக்கு முன்னால் ஒரு காலி வரி வேண்டும் என்கிறது டி203, கூடவே கூடாது என்கிறது டி211. சுருக்க வரி மூன்று மேற்கோளுக்கு அருகிலேயே தொடங்க வேண்டும் என்பது டி212, அடுத்த வரியில் தொடங்க வேண்டும் என்பது டி213. ரஃப் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு இரண்டில் ஒன்றைத் தானே விலக்கிவிடும். ஆனால் எந்தப் பாணி என்ற முடிவைக் கருவியிடம் விடுவது நல்லதல்ல, குழு பேசி எடுக்க வேண்டிய முடிவு அது.

சோதனைச் சட்டகத்துக்கு எங்கள் தேர்வு கூகுள் பாணி. அதில் டி401 அணைந்திருக்கும். சுருக்க வரி கட்டளை வினையில் தொடங்க வேண்டும் என்ற அந்த விதி, செயல்களைச் செய்யும் ஃபங்ஷன்களுக்குப் பொருந்தும். ஃபிக்ஸ்ச்சரோ ஒரு பொருளைக் கையில் தருவது. அதன் பெயரைப் படித்தவுடன் 'இது என்ன' என்றுதான் கேள்வி எழும். ஆகவே பெயர்ச்சொல்லில் தொடங்கும் விளக்கமே அங்கே இயல்பு. பெப் 257 பாணியைத் தேர்ந்தால் டி401 இயங்கும். டெஸ்ட் என்று தொடங்கும் ஃபங்ஷன்களை மட்டும் அந்த விதி தானாகவே விட்டுவிடும், ஃபிக்ஸ்ச்சருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏற்கெனவே ரிப்போ முழுக்க ஸ்பிங்க்ஸ் பாணி பாராம் வரிகள் இருந்தால் என்ன செய்வது? ரஃப்பின் மூன்று பாணிகளில் அது இல்லை. பெப் 257 என்று வைத்துக்கொண்டு பொது வடிவத்தை மட்டும் சரிபார்க்கலாம், அளவுரு விளக்கங்களை ரஃப் கண்டுகொள்ளாது. அவற்றையும் சோதிக்க வேண்டுமென்றால் பைடாக்லின்ட் என்ற தனிக் கருவி ஸ்பிங்க்ஸ் பாணியை ஏற்றுக்கொள்கிறது.

ஃபிக்ஸ்ச்சர் விளக்கம்: முதல் பத்திதான் திரைக்கு வரும்

பைடெஸ்ட்டை ஃபிக்ஸ்ச்சர்ஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டினால், கிடைக்கும் ஃபிக்ஸ்ச்சர்கள் எல்லாம் பட்டியலாக வரும். ஒவ்வொன்றின் கீழும் அதன் டாக்ஸ்ட்ரிங், அதுவும் முதல் காலி வரி வரையிலான பகுதி மட்டும். முழு விளக்கம் வேண்டுமென்றால் கூடவே வி விருப்பத்தையும் கொடுக்க வேண்டும். டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபிக்ஸ்ச்சரின் கீழே, விளக்கம் எதுவும் இல்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி விழும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் சட்டகத்தைத் தெரிந்துகொள்ளும் முதல் வாசல் இந்தப் பட்டியல்தான்.

இந்த இடத்தில் டி205-இன் மதிப்பு புரியும். சுருக்கத்துக்கும் விரிவான விளக்கத்துக்கும் இடையே ஒரு காலி வரி வேண்டும் என்பதுதான் அந்த விதி. அந்தக் காலி வரி இல்லையென்றால் பைடெஸ்ட்டுக்கு முழு டாக்ஸ்ட்ரிங்கும் ஒரே பத்தி. பட்டியலில் ஒரு ஃபிக்ஸ்ச்சருக்கு இரண்டு வரி வருவதற்குப் பதில் பதினைந்து வரி கொட்டும். எடுத்துக்காட்டாக, தரவுத்தள ஃபிக்ஸ்ச்சர் ஒன்றின் விளக்கம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

தரவுத்தள இணைப்பு, சோதனை முடிந்ததும்
மாற்றங்கள் திரும்பப் பெறப்படும்
இதற்கு டாக்கர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால்
சோதனை தவிர்க்கப்படும்

சீர்செய்தபின்:

சோதனை முடிந்ததும் மாற்றங்களைத் திரும்பப் பெறும் தரவுத்தள இணைப்பு.

டாக்கர் ஓடவில்லையென்றால் இதைக் கேட்கும் சோதனை தவிர்க்கப்படும்.

இரண்டாவது வடிவத்தில் பட்டியலில் ஒரே வரி. மற்றது தேடிப் பார்ப்பவருக்கு.

இந்த மாற்றத்தை ரஃப் தானாகச் செய்யுமா என்றால், செய்யாது. காலி வரிகள் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றாக்கிவிடும். ஒன்றுமே இல்லாத இடத்தில் குறையை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். சுருக்கம் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை, முதல் வாக்கியமே இரண்டு வரி ஓடியிருக்கலாம். சரியான முடிவு. இந்த வேலையில் மனிதர் உட்கார்ந்து செய்ய வேண்டிய பகுதியும் பெரும்பாலும் இதுவேதான்.

பைடெஸ்ட்டின் சொந்த ரிப்போவைப் பார்ப்பது நல்ல பாடம். அங்கே டி குடும்பம் இயக்கத்தில் இருக்கிறது, ஆனால் டி205, டி400, டாக்ஸ்ட்ரிங் கட்டாயம் என்னும் டி1 வரிசை உட்படப் பல விதிகள் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கின்றன. டிஎம்பி_பாத் ஃபிக்ஸ்ச்சரின் விளக்கத்தை எடுத்துப் பாருங்கள், முதல் வாக்கியமே இரண்டாம் வரிக்கு இறங்குகிறது. கவனித்து எழுதும் பராமரிப்பாளர்கள் உள்ள திட்டத்துக்கு அது சரி. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நிறுவனச் சட்டகத்தில் டி205-ஐ விலக்காதீர்கள்.

இன்னொன்று: அந்தப் பட்டியல், ஸ்பிங்க்ஸின் குறிமொழியான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டை மொழிபெயர்த்துக் காட்டாது. கிளாஸ் என்று முக்காற்புள்ளிகளுக்கு நடுவே எழுதிய குறி டெர்மினலில் அப்படியே தெரியும். ஆகவே முதல் பத்தியில் இணைப்புக் குறிகளைத் தவிர்த்து, கீழே உள்ள பத்திகளில் வைத்துக்கொள்வது படிப்பவருக்கு நிம்மதி.

எந்தக் கோப்புக்கு எந்த விதி

டாக்ஸ்ட்ரிங் கட்டாயம் என்னும் டி100 முதல் டி107 வரையிலான விதிகளைச் சோதனைக் கோப்புகளுக்கும் போட்டால் கிடைப்பது குப்பைதான். 'காலாவதியான டோக்கன் நிராகரிக்கப்பட வேண்டும்' என்று பெயரே சொல்லும் சோதனையின் கீழே அதே வாக்கியத்தை மீண்டும் எழுதி வைப்பார்கள், லின்ட்டரின் வாயை அடைக்க. சோதனை ஓட்டத்தின் வழக்கமான வெளியீட்டில் பைடெஸ்ட் சோதனையின் டாக்ஸ்ட்ரிங்கைத் தனியாகக் காட்டுவதும் இல்லை. யூனிட்டெஸ்ட் மட்டுமே விரிவான முறையில் ஓடும்போது அதன் முதல் வரியைக் காட்டும்.

எனவே சோதனைகளுக்கு டி1 வேண்டாம். இதற்காக எல்லோரும் செய்வது, பெர்-ஃபைல்-இக்னோர்ஸ் அமைப்பில் டெஸ்ட்ஸ் கோப்புறை முழுவதையும் விலக்குவது. தவறு இங்கேதான் நடக்கிறது. கான்ஃப்டெஸ்ட் கோப்பும் அதே கோப்புறைக்குள்தான் இருக்கிறது. விளக்கம் அவசியம் தேவைப்படும் ஒரே கோப்பும் சேர்ந்து விலகிப்போகும், சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) பச்சை காட்டும், யாருக்கும் தெரியாது. கோப்புறையை விலக்காமல், டெஸ்ட் அடிக்கோடு என்று தொடங்கும் கோப்புப் பெயர்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். விலக்குவதும் டி1 வரிசையை மட்டும். மற்ற டி விதிகள் சோதனைக் கோப்புகளிலும் இயங்கட்டும். எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஹூக்குகள், அதாவது பைடெஸ்ட் தன் ஓட்டத்தின் குறிப்பிட்ட கட்டங்களில் அழைக்கும் ஃபங்ஷன்கள், தனிக் கதை. பைடெஸ்ட்டின் ஹூக்கை நாம் செயல்படுத்தும்போது அந்த ஹூக் என்ன செய்யும் என்று மீண்டும் விளக்கத் தேவையில்லை, அது பைடெஸ்ட் ஆவணத்திலேயே இருக்கிறது. இக்னோர்-டெக்கரேட்டர்ஸ் அமைப்பில் பைடெஸ்ட்டின் ஹூக்இம்பிள் டெக்கரேட்டரை (ஃபங்ஷனுக்கு மேலே @ குறியோடு எழுதும் வரி) கொடுத்தால் அதை அணிந்த ஃபங்ஷன்களை ரஃப் விட்டுவிடும். ஆனால் பெரும்பாலான ஹூக்குகளை டெக்கரேட்டர் இல்லாமலே, பெயரை மட்டும் நம்பி எழுதுகிறோம். அவை டி103-இல் சிக்கும். அவற்றுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: ஹூக் என்ன என்றல்ல, இந்தச் சட்டகம் அதற்குள் என்ன செய்கிறது என்று. இதே அமைப்பில் ஃபிக்ஸ்ச்சர் டெக்கரேட்டரைச் சேர்த்து எச்சரிக்கைகளைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் டி விதிகளை இயக்கியதன் பயனே போய்விடும்.

தொழிற்சாலை ஃபிக்ஸ்ச்சரில் வரும் சிக்கல்

உள்ளே ஒரு ஃபங்ஷனை வரையறுத்து அதைத் திருப்பித் தரும் ஃபிக்ஸ்ச்சர் எல்லாச் சட்டகத்திலும் இருக்கும். பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கித் தருவது, பெயரும் பங்கும் கொடுத்து அழைப்பது. பயனருக்குத் தேவையான அளவுருக்கள் எல்லாம் உள் ஃபங்ஷனில். ஆனால் ஃபிக்ஸ்ச்சர் பட்டியல் காட்டுவது வெளி ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கை. உள் ஃபங்ஷனுக்கு டாக்ஸ்ட்ரிங் இல்லையென்று ரஃப் குறை சொல்வதும் இல்லை, உள்ளே புதைந்ததைப் பொதுவானதாக அது கருதாது.

சரி, வெளி டாக்ஸ்ட்ரிங்கிலேயே ஆர்க்ஸ் என்று தலைப்பிட்டு உள் அளவுருக்களை எழுதினால்? டி417 குறுக்கே வரும். ஆர்க்ஸ் பகுதி இருந்தால், வெளி ஃபங்ஷனின் அளவுருக்கள் எல்லாம் அதில் விளக்கப்பட வேண்டும் என்பது அந்த விதி. வெளி ஃபங்ஷனின் அளவுருக்கள் யார்? அது சார்ந்திருக்கும் மற்ற ஃபிக்ஸ்ச்சர்கள். பயனருக்கு அவை தேவையே இல்லை. லின்ட்டரைத் திருப்திப்படுத்த அவற்றையும் எழுதினால் விளக்கம் இரண்டு ஃபங்ஷன்களின் கலவையாகிவிடும்.

வழி எளிது. வெளி டாக்ஸ்ட்ரிங்கில் ஆர்க்ஸ் என்ற தலைப்பைப் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தலைப்பு இல்லாத டாக்ஸ்ட்ரிங்கை டி417 தொடாது. எப்படி அழைக்க வேண்டும் என்று ஒரு பத்தியிலோ சிறு எடுத்துக்காட்டிலோ சொல்லிவிடுங்கள். சாதாரண ஃபிக்ஸ்ச்சருக்கும் இதையே சொல்வோம். ஃபிக்ஸ்ச்சரின் அளவுருக்களை விளக்க ஆர்க்ஸ் பகுதி வேண்டாம், பெயர்களே சார்புகளைச் சொல்கின்றன. ஆர்க்ஸ் பகுதிக்கு உரிய இடம் உதவி ஃபங்ஷன்களும் வகுப்புகளும்.

ஈல்டு மூலம் பொருளைத் தந்துவிட்டுப் பிறகு துப்புரவு செய்யும் ஃபிக்ஸ்ச்சருக்கு, ரிட்டர்ன்ஸ் அல்ல, ஈல்ட்ஸ் என்ற தலைப்புதான் சரி. துப்புரவில் என்ன நடக்கிறது, சோதனை தோற்றாலும் நடக்குமா என்பதை அங்கே ஒரு வரியில் சொல்வது பயனுள்ளது. இரவு முழுக்க ஓடும் சோதனைத் தொகுப்பில் கோப்புகள் தேங்கி வட்டு நிரம்பும்போது முதலில் தேடப்படும் தகவல் அதுவே.

உண்மையைச் சரிபார்க்கும் இடத்தில் ரஃப் எவ்வளவு தூரம்

டி417 ஒரு பக்கம் மட்டும் பார்க்கும். விளக்கப்படாத அளவுருவைச் சொல்லும், இப்போது இல்லாத அளவுருவுக்கு விளக்கம் இருப்பதைச் சொல்லாது. ஒரு அளவுருவை நீக்கியபின் அதன் விளக்கம் வருடக்கணக்கில் தங்கிவிடுவதுதான் பழைய சட்டகங்களில் அதிகம் காணும் பொய். இதற்கென்று டாக் என்ற முன்னெழுத்தில் இன்னொரு விதிக் குடும்பம் ரஃப்பில் வளர்ந்துவருகிறது. இல்லாத அளவுரு, எழுதப்படாத ரிட்டர்ன்ஸ், ஈல்ட்ஸ், ரெய்சஸ் பகுதிகள் போன்றவற்றைப் பார்க்கும். ஆனால் அவை முன்னோட்ட நிலை விதிகள், பிரிவ்யூ அமைப்பை இயக்கினால்தான் கிடைக்கும். சிஐயில் தடைக்கல்லாக வைக்காமல், மாதம் ஒருமுறை கையால் ஓட்டிப் பார்ப்பதற்கு இப்போதைக்கு நல்லது.

உண்மையைச் சோதிக்க இன்னும் வலுவான வழி, டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்ப்பது. பைடெஸ்ட்டின் டாக்டெஸ்ட்-மாட்யூல்ஸ் விருப்பம் அதற்குத்தான். உதவி ஃபங்ஷன்கள் உள்ள கோப்புறைக்கு இதை இயக்கிவிட்டால் காலாவதியான எடுத்துக்காட்டு அன்றே தோற்கும். நினைவக முகவரி, நேரமுத்திரை போன்று மாறும் வெளியீடு இருந்தால் எலிப்சிஸ் விருப்பத்தை (முப்புள்ளி வைத்த இடத்தில் எந்த உரையும் பொருந்தும்) பைடெஸ்ட் அமைப்பிலேயே கொடுத்துவிடலாம்.

ரஃப்பின் ஃபார்மேட்டர் இங்கே ஒரு நல்ல உதவி செய்கிறது. 2023 டிசம்பரில் வந்த டாக்ஸ்ட்ரிங்-கோட்-ஃபார்மேட் அமைப்பை இயக்கினால், டாக்ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் டாக்டெஸ்ட் வரிகளையும் குறியீட்டுத் தொகுதிகளையும் அதே பாணியில் ஒழுங்குபடுத்தும். இயல்பில் இது அணைந்திருக்கும். எடுத்துக்காட்டில் இலக்கணப் பிழை இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும். உரைநடை வரிகளை இது மடித்துக் கொடுக்காது, நீளமான வரி நீளமாகவே இருக்கும். மடிக்க வேண்டுமென்றால் டாக்ஃபார்மேட்டர் இருக்கிறது. பட்டியல்களும் அட்டவணைகளும் உள்ள டாக்ஸ்ட்ரிங்குகளில் அதை ஓட்டிவிட்டு டிஃப்பைப் படிக்காமல் மெர்ஜ் செய்யாதீர்கள், பட்டியல் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஆவணத்தை ஸ்பிங்க்ஸ் மூலம் கட்டுபவர்களுக்கு ரஃப் மட்டும் போதாது. ரஃப் எல்லாம் சரி என்று சொன்ன டாக்ஸ்ட்ரிங்கை ஸ்பிங்க்ஸ் ஏற்காமல் போகும். பளிச்சென்று தெரியும் காரணம் நட்சத்திரக் குறி. விளக்கத்தில் நட்சத்திரத்தோடு ஆர்க்ஸ் என்று வெறுமனே எழுதினால், சாய்வெழுத்து தொடங்கியது, முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும். இரட்டை நட்சத்திரத்தோடு க்வார்க்ஸ் என்றால் தடித்த எழுத்து முடியவில்லை என்று. அவற்றை இரட்டை பின்மேற்கோள்களுக்குள் வைத்தால் தீர்ந்தது. பட்டியலுக்கு முன்னும் பின்னும் காலி வரி இல்லாததும் இதே போல் இன்டென்ட் எச்சரிக்கைகளைக் கொண்டுவரும். கூகுள் பாணி என்றால், அதை ஸ்பிங்க்ஸுக்குப் புரியவைக்கும் நெப்போலியன் நீட்சி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் ஆர்க்ஸ் பகுதி சாதாரண உரையாகச் சிதைந்து நிற்கும். ஸ்பிங்க்ஸ்-பில்டு கட்டளையைப் பெரிய டபிள்யூ விருப்பத்தோடு ஓட்டினால் எச்சரிக்கைகள் பிழைகளாகும், சின்ன என் விருப்பம் உடைந்த இணைப்புகளைக் காட்டும். முதல் முறை என் விருப்பத்தோடு ஓட்டும்போது வெளி நூலகங்களின் பெயர்கள் எல்லாம் கொட்டும். மற்ற நூலகங்களின் ஆவணங்களோடு இணைக்கும் இன்டர்ஸ்பிங்க்ஸ் நீட்சியை அமைத்துவிட்டுப் பிறகு ஓட்டுவது நல்லது.

டாக்ஸ்ட்ரிங்கைத் தொட்டால் நடத்தை மாறும் மூன்று இடங்கள்

டாக்ஸ்ட்ரிங்தானே, என்ன ஆகிவிடும் என்று மதிப்பாய்வில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுப்பது வழக்கம். சோதனைச் சட்டகத்தில் அது சரியல்ல.

முதலாவது, அசெர்ட் மாற்றியெழுதல். அசெர்ட் தோற்கும்போது இருபக்க மதிப்புகளையும் பிரித்துக் காட்ட, பைடெஸ்ட் கோப்பை ஏற்றும்போதே மாற்றியெழுதுகிறது. ஒரு கோப்புக்கு மட்டும் அது வேண்டாமென்றால், பைடெஸ்ட்_டோன்ட்_ரீரைட் என்ற சொல்லைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் அந்தக் கோப்பின் டாக்ஸ்ட்ரிங்கில் வைக்க வேண்டும். பழைய சட்டகத்தில் இது கிடந்தால், 'இது என்ன பொருளற்ற வரி' என்று சீர்செய்பவர் அழித்துவிடுவார். கருத்துரையாக மாற்றினாலும் விளைவு அதேதான், டாக்ஸ்ட்ரிங்கில் இருந்தால்தான் வேலை செய்யும். தொடங்கும் முன் ரிப்போ முழுக்க இந்தச் சொல்லைத் தேடிவிடுங்கள்.

இரண்டாவது, அறிக்கைகள். சோதனையின் டாக்ஸ்ட்ரிங்கை எடுத்து எச்டிஎம்எல் அறிக்கையிலோ சோதனை மேலாண்மைக் கருவியிலோ போடும் பிளகின்களைப் பல குழுக்கள் தாமே எழுதி வைத்திருக்கின்றன. அவை டாக்ஸ்ட்ரிங்கின் முதல் வரியை வெட்டி எடுத்தால், டி213 பாணியில் முதல் வரி காலி. டி212-க்கு மாற்றியதும் இதுவரை காலியாக இருந்த இடத்தில் திடீரென்று உரை தோன்றும், எதிர்த்திசையில் மாற்றினால் காணாமல் போகும். தவிர, பைத்தான் 3.13-இலிருந்து டாக்ஸ்ட்ரிங்கின் பொதுவான இன்டென்ட்டைத் தொகுப்பியே நீக்கிவிடுகிறது, ஆகவே பதிப்புக்குப் பதிப்பு நேரடி மதிப்பு வேறுபடும். டாக் பண்பை நேராகப் படிக்காமல் இன்ஸ்பெக்ட் தொகுப்பின் கெட்டாக் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் இரண்டு சிக்கலும் இல்லை.

மூன்றாவது, பின்சாய்வுக்கோடு. விளக்கத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷனையோ விண்டோஸ் பாதையையோ எழுதினால், தெரியாத எஸ்கேப் என்று பைத்தான் 3.12 முதல் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. டி301 இதைத்தான் பிடிக்கிறது, மேற்கோளுக்கு முன்னால் ஆர் சேர்க்கச் சொல்கிறது. பெரும்பாலும் சரி. ஆனால் அதே டாக்ஸ்ட்ரிங்கில் வேண்டுமென்றே எழுதிய எஸ்கேப் இருந்தால், ஆர் சேர்த்ததும் உரை மாறிவிடும். கண்ணால் பார்த்து ஏற்க வேண்டிய திருத்தம் இது.

வேலையை எந்த வரிசையில் செய்வது

முதலில் டி விதிகளைத் தேர்ந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விருப்பத்தோடு ரஃப்பை ஓட்டுங்கள். எந்த விதியில் எத்தனை என்று எண்ணிக்கை வரும், வேலையின் அளவு அதிலேயே தெரிந்துவிடும். விதி புரியவில்லையென்றால் ரஃப் ரூல் என்று எண்ணைக் கொடுத்தால் டெர்மினலிலேயே விளக்கம் வரும்.

மாற்றத் தொடங்கும் முன் இரண்டு வெளியீடுகளைக் கோப்பில் சேமித்து வையுங்கள்: சோதனைகளை ஓட்டாமல் பெயர்களை மட்டும் தரும் பைடெஸ்ட்டின் கலெக்ட்-ஒன்லி பட்டியல், வி விருப்பத்தோடு ஃபிக்ஸ்ச்சர்ஸ் பட்டியல். முடித்தபின் மீண்டும் எடுத்து ஒப்பிட்டால் முதலாவது துளியும் மாறியிருக்கக் கூடாது. இரண்டாவதில் வரும் வேறுபாடுதான் உங்கள் வேலையின் உண்மையான பலன். மதிப்பாய்வுக்கு அந்த வேறுபாட்டையே புல் ரிக்வெஸ்ட்டில் ஒட்டிவிடலாம்.

பிறகு ஃபிக்ஸ் விருப்பத்தோடு ஓட்டித் தானியங்கித் திருத்தங்களை மட்டும் ஒரே கமிட்டாகப் போடுங்கள். கையால் திருத்தியது ஒன்றும் அதில் கலக்க வேண்டாம். முற்றுப்புள்ளி சேர்ப்பது போன்ற சில திருத்தங்களை ரஃப் பாதுகாப்பற்றவை என்று வகைப்படுத்தியிருக்கிறது, அன்சேஃப்-ஃபிக்ஸஸ் விருப்பம் கொடுத்தால்தான் செய்யும். அதைத் தனிக் கமிட்டாகச் செய்து டிஃப்பைப் படியுங்கள். முக்காற்புள்ளியில் முடியும் சுருக்க வரிகளுக்குப் புள்ளி வைக்காமல் குறையை மட்டும் சொல்லும், அவற்றை நாம்தான் மாற்றி எழுத வேண்டும். அந்தக் கமிட்டுகளின் எண்களை கிட் பிளேம்-இக்னோர் கோப்பில் சேர்த்துவிட்டால், ஒரு வரியை யார் எழுதினார் என்று பின்னால் தேடுபவருக்கு உங்கள் பெயர் குறுக்கே வராது.

கைவேலையில் கான்ஃப்டெஸ்ட் கோப்புகளுக்கு முதலிடம், அடுத்து பிளகின்கள், அதற்கடுத்து உதவி ஃபங்ஷன்கள். முடியாத கோப்புகளைப் பெர்-ஃபைல்-இக்னோர்ஸில் பெயரிட்டு வைத்து, ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவது நல்லது. ஆட்-நோக்யூஏ விருப்பத்தால் எல்லா இடத்திலும் விலக்குக் குறிப்பு தூவுவதைவிட இது எவ்வளவோ மேல், மீதம் எவ்வளவு என்று ஒரே இடத்தில் தெரியும். தவிர்க்க முடியாமல் ஓரிடத்தில் விலக்கு எழுதினால், பல வரி டாக்ஸ்ட்ரிங்குக்கு அது முடிவு மேற்கோள்களின் அதே வரியில் இருக்க வேண்டும். முதல் வரியில் எழுதினால் அதுவே டாக்ஸ்ட்ரிங்கின் பகுதியாகிவிடும், விலக்கும் கிடைக்காது.

வேர்டு கோப்பிலிருந்தோ விக்கியிலிருந்தோ ஒட்டிய விளக்கங்களில் வளைந்த மேற்கோள்களும் நீளமான கோடுகளும் ஒளிந்திருக்கும். ஆர்யூஎஃப்002 என்ற விதி அவற்றில் சிலவற்றைப் பிடிக்கும், டி குடும்பத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரஃப்பின் கண்ணுக்கே படாத விளக்கங்களும் சட்டகத்தில் உண்டு. சோதனைகளை வகைப்படுத்த ஒட்டும் குறிகளான மார்க்கர்களின் விளக்கம் பைடெஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது, மார்க்கர்ஸ் விருப்பத்தில் தெரிவது அதுதான். சொந்தக் கட்டளை விருப்பங்களின் விளக்கம் ஆட்ஆப்ஷன் அழைப்பின் ஹெல்ப் அளவுருவில் இருக்கிறது. இரண்டும் டாக்ஸ்ட்ரிங் அல்ல, எந்த லின்ட்டரும் குறை சொல்லாது. கான்ஃப்டெஸ்ட்டைச் சீர்செய்யும் அதே அமர்வில் இவற்றையும் படித்துத் திருத்திவிடுங்கள். ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ் இயக்கத்தில் இல்லையென்றால் பதிவே செய்யாத மார்க்கர்கள் சோதனைகளில் இருக்கலாம், அவற்றுக்கு விளக்கம் எழுத இடமே இருந்திருக்காது.

கடைசியாக, ரஃப்பின் பதிப்பை ப்ரீ-கமிட் கோப்பிலும் சிஐயிலும் ஒரே எண்ணில் பூட்டி வையுங்கள். இன்னும் 0-இல் தொடங்கும் பதிப்புகளாகவே வருவதால், சிறு எண் ஒன்று ஏறும்போதும் விதிகளின் நடத்தை மாறலாம். இரண்டு இடத்திலும் வேறு வேறு பதிப்பு இருந்தால், உள்ளூரில் பச்சையாக இருக்கும் டாக்ஸ்ட்ரிங் சிஐயில் சிவப்பாகும், கொஞ்ச நாளில் யாராவது டி குடும்பத்தையே அணைத்துவிடுவார்கள்.